பணக்கார அரசுப் பள்ளியும் ஏழை அரசுப் பள்ளியும்: அமெரிக்காவில் இரண்டையும் இணைப்பது எப்படி?

அரசுப் பள்ளி என்றதும் நம் மனதில் ஒரு படம் வரும்: தனியார் பள்ளிக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் பிள்ளைகளை அனுப்பும் இடம். அமெரிக்காவில் அந்தப் படம் பாதிதான் பொருந்தும். அங்கே பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேருக்கு மேல் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். மருத்துவரின் மகளும் அதில் உண்டு, ஹோட்டலில் பாத்திரம் கழுவுபவரின் மகளும் உண்டு. இருவரும் ஒரே பள்ளியில் இருப்பதுதான் அரிது.

கலிஃபோர்னியாவின் கூப்பர்டினோவிலோ டெக்சஸின் பிளேனோவிலோ வீடு தேடும் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டால் இது புரியும். சமையலறை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே, அந்த வீட்டுக்கு எந்தப் பள்ளி, அதன் ரேட்டிங் பத்துக்கு எத்தனை என்று பார்த்துவிடுவார்கள். நல்ல ரேட்டிங் இருந்தால் வீட்டு விலை ஏறும். விலை ஏறினால் அதை வாங்கக்கூடியவர்கள் மட்டும் அங்கே குடியேறுவார்கள். கட்டணமே இல்லாத பள்ளிக்கு வீட்டுக் கடன் வழியாகக் கட்டணம் கட்டுகிறோம் என்று சொன்னாலும் தப்பில்லை.

இப்படிப் பிரிந்து கிடக்கும் இரண்டு அரசுப் பள்ளிகளைச் சேர்ந்து வேலை செய்ய வைக்கும் முயற்சிக்கு அங்கே பொதுவாக 'சிஸ்டர் ஸ்கூல்' என்றோ 'பார்ட்னர் ஸ்கூல்' என்றோ பெயர். கேட்க எளிதாக இருக்கும். முதல் வருடம் கைதட்டலோடு தொடங்கி, மூன்றாம் வருடம் யாருக்கும் நினைவில்லாமல் போவது இதன் வழக்கம். ஏன் அப்படி ஆகிறது, ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பிளவு எங்கிருந்து வருகிறது

அமெரிக்காவில் ஏறக்குறைய 13,000 கல்வி மாவட்டங்கள் இருக்கின்றன. நம் ஊர் வருவாய் மாவட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சில இடங்களில் ஒரு சிறு நகரமே ஒரு கல்வி மாவட்டம். ஒவ்வொன்றுக்கும் தனி வாரியம், தனி வரவு செலவு. பள்ளிக்கான பணத்தில் மத்திய அரசு தருவது வழக்கமான ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மீதியை மாநிலமும் உள்ளூரும் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் போடுகின்றன. உள்ளூர்ப் பங்கில் பெரும்பகுதி சொத்து வரி.

சொத்து வரி என்றால் என்ன நடக்கும் என்பதற்கு டெக்சஸின் சான் அன்டோனியோ நகரத்து எட்ஜ்வுட் கல்வி மாவட்டத்தின் வழக்கைவிடத் தெளிவான சான்று இல்லை. 1967-68 கணக்கில், எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அதிலிருந்து ஒரு மாணவருக்குக் கிடைத்த உள்ளூர்ப் பணம் 26 டாலர். அதே நகரப் பகுதியில் இருந்த அலமோ ஹைட்ஸ் மாவட்டத்தில் வரி 0.85 டாலர்தான், ஆனால் ஒரு மாணவருக்குக் கிடைத்தது 333 டாலர். குறைவாக வரி கட்டியவர்களுக்குப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல்! வீடுகளின் மதிப்பு அப்படி. எட்ஜ்வுட் பெற்றோர் 1968-இல் வழக்குப் போட்டார்கள். 1973-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நாட்டின் அரசியல் சாசனப்படி கல்வி அடிப்படை உரிமை ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். அதற்குப் பிறகு பல மாநிலங்கள் தத்தம் நிதி முறையைச் சீர்செய்தன. இன்று நிலைமை 1968 அளவுக்கு மோசமில்லை, ஆனால் வேர் அதேதான்.

மறு வருடமே இன்னொரு தீர்ப்பு, டெட்ராய்ட் வழக்கில். இன வாரியாகப் பிரிந்து கிடந்த நகரத்துப் பள்ளிகளைப் புறநகர்ப் பள்ளிகளோடு சேர்க்க, மாவட்ட எல்லையைத் தாண்டி உத்தரவு போட முடியாது, புறநகர் மாவட்டங்களும் தவறு செய்தன என்று நிரூபித்தால்தான் முடியும் என்றது நீதிமன்றம். கல்வி மாவட்டத்தின் எல்லைக் கோடு அன்றைக்குச் சுவராகிவிட்டது. அந்தக் கோட்டை இன்று தாண்ட வேண்டுமென்றால் இரு பக்கமும் மனம் வைத்துத் தாண்டினால்தான் உண்டு.

ஒரே மாவட்டத்துக்குள் இருக்கும் பள்ளிகளிலும் பிளவு உண்டு. அதற்கு ஒரு காரணம் பெற்றோர்-ஆசிரியர் சங்கம், அதாவது பிடிஏ. 2013-14-இல் நாட்டிலேயே வசதியான 50 பிடிஏக்கள் மட்டும் 4.3 கோடி டாலர் திரட்டின. நாடு முழுவதும் பிடிஏக்கள் திரட்டியதில் இது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அந்தப் பள்ளிகளில் படித்தவர்களோ ஆயிரத்தில் ஒருவர். அந்தப் பணம் கலை ஆசிரியராகவும் நூலகராகவும் அறிவியல் ஆய்வகமாகவும் மாறுகிறது.

எந்த அளவுக்குச் சேர்வது?

பள்ளிகள் சேர்வதில் பல படிகள் உண்டு. உச்சப் படி, மாணவர் சேர்க்கையையே கலப்பது. நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டன் ஊரில் வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும் இருந்தன. பிரிவினைக்கு மாநிலச் சாசனம் தடை போட்டதும், 1948-இல் ஒரு வேலை செய்தார்கள். சின்ன வகுப்புகள் எல்லாம் ஒரு கட்டிடத்தில், பெரிய வகுப்புகள் எல்லாம் மற்றொன்றில். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் இரண்டு பள்ளியிலும் படித்துத்தான் வெளியே வர முடியும். 'பிரின்ஸ்டன் திட்டம்' என்ற பெயரில் இது மற்ற ஊர்களுக்கும் பரவியது. பாஸ்டனில் 1966-இல் தொடங்கிய மெட்கோ திட்டம் வேறு மாதிரி. நகரத்துப் பிள்ளைகள் 220 பேரை ஏழு புறநகர் மாவட்டங்களின் பள்ளிகளுக்குப் பேருந்தில் அனுப்பித் தொடங்கினார்கள். இன்றும் நடக்கிறது. மெட்கோவில் பயணம் ஒரே திசையில்தான், புறநகர்ப் பிள்ளை நகரத்துக்கு வருவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவை சட்டமும் வாரியமும் முடிவு செய்ய வேண்டியவை. கீழ்ப் படியில் இருப்பது பழைய பொருள் கொடுப்பது, டிசம்பரில் பரிசு கொடுப்பது. அதற்குக் கூட்டு என்ற பெயரே அதிகம். நடுவில் ஒரு வகை இருக்கிறது. இரண்டு தலைமையாசிரியர்களும் நான்கு ஆசிரியர்களும் பத்துப் பெற்றோரும் மனது வைத்தால், வாரியத்தின் பெரிய தீர்மானம் எதற்கும் காத்திராமல் அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கக்கூடியது. நாம் பேசப்போவது அதைப் பற்றி.

யாரோடு?

பேருந்தில் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாத தூரத்தில், ஒரே வகுப்புகள் உள்ள பள்ளியாகப் பாருங்கள். முடிந்தால் ஒரே கல்வி மாவட்டத்துக்குள். விடுமுறை நாட்கள், பேருந்து, காப்பீடு, தன்னார்வலர் பின்னணிச் சோதனை எல்லாம் அப்போது ஒன்றாகவே இருக்கும். மாவட்டம் மாறினால் இவை எல்லாமே இரட்டிப்பு வேலை.

பள்ளியின் வசதியை அளக்க இலவச மதிய உணவு பெறுவோர் சதவீதத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 130 சதவீதம் வரை இருந்தால் இலவசம், 185 சதவீதம் வரை இருந்தால் சலுகை விலை என்பது மத்திய விதி. ஆனால் ஏழைகள் அதிகமுள்ள பள்ளிகள் விண்ணப்பமே வாங்காமல் எல்லோருக்கும் இலவசமாகப் போடும் முறை 2014 முதல் நாடெங்கும் வந்துவிட்டது. அங்கே புள்ளிவிவரம் நூறு சதவீதம் என்று காட்டும், உண்மை அதுவாக இருக்க வேண்டியதில்லை. அரசு உதவித் திட்டங்களில் நேரடியாகப் பதிவான பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கை மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் சரியான படம் கிடைக்கும்.

முதல் பேச்சு தலைமையாசிரியரிடமிருந்து தலைமையாசிரியருக்குப் போக வேண்டும். ஆர்வமுள்ள ஒரு பெற்றோர் நேரே அந்தப் பள்ளிக்குப் போன் போட்டு "உங்களுக்கு உதவலாம் என்று இருக்கிறோம்" என்றால், மறுமுனையில் நன்றி சொல்வார்கள், திரும்ப அழைக்க மாட்டார்கள். நியாயம்தான். வேறொரு பள்ளியின் நல்ல மனதைக் கையாள அவர்களிடம் ஆள் இல்லை.

முதல் சந்திப்புக்கு வசதியுள்ள பள்ளிக்காரர்கள் மற்றப் பள்ளிக்குப் போக வேண்டும். வகுப்புகளைப் பார்க்க வேண்டும். பட்டியல் எதையும் கையில் கொண்டுபோகக் கூடாது. பட்டியலை அந்தப் பள்ளி எழுதட்டும், அதுவும் இரண்டு பத்தியாக: எங்களுக்கு என்ன தேவை, எங்களிடம் என்ன இருக்கிறது.

இரண்டாவது பத்திதான் முக்கியம், அதைத்தான் யாரும் கேட்பதில்லை. வருமானம் குறைந்த பள்ளிகள் பலவற்றில் ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் கற்பிக்கும் இருமொழி வகுப்புகள் நடக்கின்றன. வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைக்குக் கணக்கு எப்படிச் சொல்லித்தருவது என்பதில் அங்குள்ள ஆசிரியர்களுக்கு இருக்கும் தேர்ச்சி பணக்காரப் பள்ளியின் ஆசிரியருக்கு இருக்காது. இந்தியாவிலிருந்து நேற்று வந்திறங்கிய பிள்ளைகள் நிறைந்த புறநகர்ப் பள்ளிக்கு அது தங்கம். இந்தப் பத்தி காலியாக இருக்கும் கூட்டு, சீக்கிரமே தானமாகிவிடும். தானம் வாங்கும் இடத்தில் பிள்ளைகளை உட்கார வைக்க எந்தத் தலைமையாசிரியருக்கும் விருப்பம் இருக்காது, வெளியே சொல்லமாட்டார்.

ஒரு பக்க ஒப்பந்தம்

வக்கீல் வேண்டாம். ஒரு தாளில், எந்த வகுப்புகள், எத்தனை சந்திப்பு, எந்தத் தேதிகள், பேருந்து யார் செலவு, யார் ஏற்பாடு, ஒவ்வொரு பள்ளியிலும் பொறுப்பாளர் இருவர் பெயர், எப்போது நிறுத்துவது என்று எழுதி இரண்டு தலைமையாசிரியர்களும் கையெழுத்திட்டால் போதும். பொறுப்பாளர் இருவர் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் தலைமையாசிரியர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார்கள், வறுமை அதிகமுள்ள பள்ளிகளில் இன்னும் வேகமாக. ஒரே ஒருவரின் ஆர்வத்தில் நடக்கும் கூட்டு அவர் மாற்றலாகிப் போகும் நாளில் முடிந்துவிடும்.

புகைப்படம் பற்றியும் அதிலேயே எழுதுங்கள். மாணவர் விவரங்களைக் காக்கும் 1974-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இருக்கிறது. மற்றப் பள்ளியின் பிள்ளைகளுடைய பெயர்ப் பட்டியலைப் பிடிஏ நினைத்தபடியெல்லாம் கையில் வாங்கிவிட முடியாது. நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். சந்திப்பில் எடுத்த படத்தை அங்கே போட்டு "பாவம், எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள் பாருங்கள்" என்று ஒருவர் எழுதினால் போதும், அது சுற்றிச் சுற்றி அந்தப் பெற்றோரின் கண்ணில் படும்.

முதல் வருடம்: நான்கு சந்திப்பு, 96 பிள்ளைகள்

சிறிதாகத் தொடங்குங்கள். ஐந்தாம் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு பிரிவு, பிரிவுக்கு 24 பேர். ஏன் இரண்டு பிரிவு? முழு அளவுப் பள்ளிப் பேருந்தில் பொதுவாக 24 இருக்கைகள் இருக்கும். சின்னப் பிள்ளைகளை ஓர் இருக்கைக்கு மூவராக உட்கார வைத்தால் 48 பேர் 16 இருக்கைகளில் அடங்குவார்கள், மீதி எட்டில் பெரியவர்கள். 24 பேரை ஏற்றினாலும் 48 பேரை ஏற்றினாலும் பேருந்துச் செலவு ஒன்றுதான்.

ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு பள்ளி மட்டும் பயணம் செய்கிறது, மாறி மாறி. முதல் சந்திப்பு வசதி குறைந்த பள்ளியில். "எங்கள் பள்ளியில் இடம் பெரிது, ஆய்வகம் இருக்கிறது, இங்கேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாமே" என்ற பேச்சு கண்டிப்பாக வரும். வசதிக்கு அது சரி. ஆனால் ஒரு பக்கத்துப் பிள்ளை எப்போதும் விருந்தாளியாகவும் மறு பக்கத்துப் பிள்ளை எப்போதும் வீட்டுக்காரனாகவும் இருந்தால் அந்த உறவு சமமாகாது. கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-லேயே இதைத் தெளிவாக வகுத்தார். வேறுபட்ட இரு கூட்டத்தார் பழகுவதாலேயே வேற்றுமை குறைந்துவிடாது. பழகும் இடத்தில் இருவருக்கும் சம நிலை, ஒரே இலக்கு, ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு முடியாத வேலை, மேலிடத்தின் ஆதரவு, இந்த நான்கும் வேண்டும் என்றார்.

அந்த மூன்றாவது நிபந்தனைக்கு ஏற்ற வேலையைத் தேடுவதுதான் ஆசிரியர்களின் திறமை. சேர்ந்து பொம்மை செய்வது, சேர்ந்து பாடுவது எல்லாம் நல்லவைதான், ஆனால் தனித்தனியாகவும் செய்யக்கூடியவை. இரண்டு பள்ளிகளுக்கும் அருகே ஒரே ஓடை ஓடுகிறது என்றால் அது நல்ல வாய்ப்பு. மேல் பகுதியில் இருக்கும் பள்ளி அங்கே நீரின் வெப்பநிலை, அமிலத்தன்மை, கலங்கல் அளக்கிறது. கீழ்ப் பகுதிப் பள்ளியும் அதே நாளில் அளக்கிறது. ஓடை ஊரைக் கடக்கும்போது நீருக்கு என்ன ஆகிறது என்ற கேள்விக்கு மற்றவரின் எண்கள் இல்லாமல் விடை சொல்ல முடியாது. ஓடை இல்லாவிட்டால் காற்றின் தரம், தெருவோர மரங்கள், கோடை வெயிலில் தரையின் சூடு என்று எத்தனையோ இருக்கின்றன. வசதியான தெருவில் மரம் அதிகம், சூடு குறைவு என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அதைப் பற்றிப் பேச ஆசிரியர்கள் தயாராக இருக்க வேண்டும்.

பிள்ளைகளை நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள், பள்ளிக்கு இருவர். ஒற்றைப் பிள்ளையை மறு பள்ளிக்காரர்கள் நடுவில் விடாதீர்கள், வாய் திறக்காது. நான்கு சந்திப்பிலும் அதே குழு. ஒவ்வொரு முறையும் புதுக் குழு போட்டால் பெயர் கேட்பதோடு நாள் முடிந்துவிடும். 'பெரிய படிப்பாளிகள்' மற்றவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் ஏற்பாடு மட்டும் வேண்டவே வேண்டாம். எந்தப் பக்கம் எப்போதும் ஆசிரியராக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

தேதிகள்: அக்டோபர், டிசம்பருக்கு முன் ஒன்று, பிப்ரவரி, மே இறுதி. மாநிலத் தேர்வுகள் நடக்கும் ஏப்ரல்-மே வாரங்களைத் தொடாதீர்கள். மதிப்பெண் குறைந்த பள்ளியின் மேல் அந்த வாரங்களில் இருக்கும் அழுத்தம் மற்றப் பள்ளிக்குத் தெரியவே தெரியாது.

பேருந்தும் சாப்பாடும்

காகிதத்தில் அழகாக இருக்கும் திட்டங்கள் கவிழ்வது இந்த இரண்டில்தான்.

மாவட்டப் பேருந்துகள் காலையிலும் மாலையிலும் இரண்டு மூன்று சுற்று ஓடும். பல இடங்களில் முதலில் உயர்நிலைப் பள்ளி, அடுத்து நடுநிலை, அதற்குப் பிறகு தொடக்கப் பள்ளி. அந்தச் சுற்றுகளுக்கு நடுவேதான் வெளிப்பயணத்துக்குப் பேருந்து கிடைக்கும். பெரும்பாலும் காலை ஒன்பதரையிலிருந்து மதியம் ஒன்றரை வரை. போக வர நாற்பது நிமிடம், ஏற இறங்க இருபது. கையில் இருப்பது மூன்று மணி நேரம். ஐந்து மணி நேரத்துக்கு நிகழ்ச்சி போட்டுவிட்டு முழிப்பவர்கள் அதிகம். பேருந்தைச் செப்டம்பரிலேயே நான்கு தேதிக்கும் பதிவு செய்துவிடுங்கள். ஓட்டுநர் பற்றாக்குறை இருக்கும் மாவட்டங்களில் மூன்று வாரத்துக்கு முன் கேட்டால் கிடைக்காது.

மூன்று மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: இருபது நிமிடம் விளையாட்டு, தொண்ணூறு நிமிடம் வேலை, அரை மணி சாப்பாடு, மீதி வெளியே ஓடியாட. விளையாட்டு நேரத்தைக் குறைக்க ஆசைப்படாதீர்கள். பிள்ளைகள் நண்பர்களாவது அங்கேதான்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு பக்கம் வீட்டிலிருந்து சுஷி, மறு பக்கம் பள்ளி கொடுத்த காகிதப் பை. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாடம் யாரும் நடத்த வேண்டாம். அன்று எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்று வைத்துவிடுங்கள். கலிஃபோர்னியா, மெய்ன் போன்ற மாநிலங்களில் எல்லா மாணவருக்கும் பள்ளி உணவு இலவசம் என்பதால் இரண்டு உணவகத்திலும் பைச் சாப்பாடு சொல்லிவைத்தால் போதும். மற்ற இடங்களில் வசதியுள்ள பள்ளிப் பிள்ளைகளும் அன்று பள்ளிச் சாப்பாட்டைக் காசு கொடுத்து வாங்கட்டும். இரண்டு வாரம் முன்பே உணவகத்துக்குச் சொல்ல வேண்டும். சைவம், ஹலால், வேர்க்கடலை ஒவ்வாமை ஆகியவற்றின் எண்ணிக்கையையும் சேர்த்துத்தான்.

செலவைப் போட்டுப் பார்க்கலாம். ஊருக்கு ஊர் மாறும், ஒரு மாதிரிக் கணக்குதான். பேருந்து ஒரு பயணத்துக்கு 500 டாலர் என்றால் நான்குக்கு 2,000. சிற்றுண்டி 96 பேருக்குத் தலைக்கு 2 டாலர், நான்கு முறைக்கு 768. அளவைக் கருவி, தாள், பெயர் அட்டைக்கு 400. நான்கு ஆசிரியர்கள் பள்ளி நேரத்துக்கு வெளியே ஆறு மணி நேரம் திட்டமிட, மணிக்கு 40 டாலர் வீதம் 960. மொத்தம் 4,128 டாலர். இதில் கிட்டத்தட்டப் பாதி பேருந்து. வெட்ட நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது ஆசிரியர்களின் 960-இல். அங்கே கை வைத்தால் இரண்டாவது சந்திப்பிலேயே தெரிந்துவிடும். ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் அறியாமல் வருவார்கள், பிள்ளைகள் தனித்தனிக் கும்பலாக நிற்பார்கள்.

பணம் எப்படிப் போக வேண்டும்

பிடிஏ பள்ளியின் அங்கம் கிடையாது. சட்டப்படி அது தனி லாபநோக்கற்ற அமைப்பு, வரிச் சட்டத்தில் 501(சி)(3) என்ற வகை. அதன் பணத்தை வேறு பள்ளிக்குத் தர வேண்டுமானால் வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பில் ஒதுக்கி, உறுப்பினர் கூட்டத்தில் வாக்கெடுக்க வேண்டும். பெரும்பாலான பிடிஏக்களின் கணக்காண்டு ஜூலையில் தொடங்கும் என்பதால், வசந்தகால கூட்டத்திலேயே இதைக் கொண்டுவர வேண்டும். செப்டம்பரில் நினைவு வந்தால் ஒரு வருடம் போயிற்று. காசோலை மறு பள்ளியின் பிடிஏவுக்குப் போகலாம். அங்கே பிடிஏ இல்லையென்றால் கல்வி மாவட்டத்துக்கோ, மாவட்டத்தின் கல்வி அறக்கட்டளைக்கோ, இன்ன பள்ளிக்கு இன்ன செலவுக்கு என்று எழுதிக் கொடுக்கலாம். தலைமையாசிரியர் பெயருக்கு ஒருபோதும் வேண்டாம். குறிப்பிட்ட ஒரு குடும்பத்துக்கு என்று பெயர் சொல்லிக் கொடுத்தால் கொடுப்பவருக்கு வரிக் கழிவும் கிடைக்காது.

ஐடி கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்கு நிறுவனமும் அதே அளவு சேர்த்துத் தரும் வழக்கம் பெரிய கம்பெனிகளில் உண்டு. பெனிவிட்டி போன்ற தளங்கள் வழியாக அது நடக்கிறது. வசதியான பள்ளியின் பிடிஏ அங்கே எப்போதோ பதிவாகியிருக்கும். கூட்டுப் பள்ளியின் பிடிஏ பதிவாகி இருக்காது, அங்குள்ள பெற்றோருக்கு அந்தத் தேவையே வந்திருக்காது. அந்தப் பதிவை முடிக்க உதவுவது ஒரு மாலை நேர வேலை. அதன் பலன் பல வருடம் நிற்கும்.

பள்ளிக்குப் பள்ளி கைமாற்றுவதைவிட, மாவட்டம் முழுவதற்கும் பொது நிதி என்பது இன்னும் நேர்மையான வழி என்பவர்கள் உண்டு. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் நீண்ட காலம் இருந்த விதி இது: ஆசிரியர் சம்பளத்துக்காக ஒரு பள்ளி திரட்டும் பணத்தில் முதல் 10,000 டாலர் பள்ளிக்கே, அதற்கு மேல் வருவதில் மூன்றில் ஒரு பங்கு பொது நிதிக்கு. ஒரு லட்சம் திரட்டினால் 70,000 பள்ளியில் நிற்கும், 30,000 மற்றவர்களுக்குப் போகும். ஏற்றத்தாழ்வு இதனால் தீராது, இன்னும் வெளிச்சமாகத் தெரியும் என்று விமர்சனமும் எழுந்தது. கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா-மலிபு மாவட்டம் 2011-இல் இன்னும் ஒரு படி மேலே போய், ஊழியர் சம்பளத்துக்கான நிதி திரட்டலை மாவட்ட அளவுக்கே மாற்றியது. மலிபு பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். எங்களுக்குத் தனி மாவட்டம் வேண்டும் என்ற குரல் உரத்தது. பணத்தைத் தொட்டால் இதுதான் நடக்கும். அதனால்தான் பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஒரு வருடமாவது பழகிய பிறகு பணப் பேச்சை எடுப்பது நல்லது என்கிறோம். மறு பள்ளியின் பெயர் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், கூட்டத்தில் எழும் கைகளின் எண்ணிக்கை வேறாக இருக்கும்.

பொருள் கொடுப்பதில் உள்ள வில்லங்கம்

பழைய குரோம்புக் மடிக்கணினி நாற்பது இருக்கிறது, கொடுத்துவிடலாம் என்பார்கள். ஒவ்வொரு குரோம்புக்குக்கும் தானாகப் புதுப்பித்தல் முடியும் தேதி ஒன்று உண்டு. அதன் அமைப்புகள் பக்கத்திலேயே பார்க்கலாம். தேதி தாண்டிய கருவியில் மாநிலத் தேர்வு மென்பொருள் ஓடாமல் போகலாம். தாண்டாவிட்டாலும் மாவட்டத்தின் கணக்கில் சேர்க்கக் கருவிக்கு ஒரு உரிமம் வாங்க வேண்டும். இலவசப் பொருள் ஏழைப் பள்ளியின் தலையில் செலவாக விடியும்.

புத்தகமும் அப்படியே. நூலகத்தில் வைக்க ஒவ்வொன்றுக்கும் பட்டியல் பதிவு, பார்கோடு, உறை வேண்டும். நூலகர் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வரும் பள்ளிக்கு நானூறு பழைய புத்தகம் வந்தால், பெட்டியோடு தாழ்வாரத்தில் கிடக்கும். வயலின் கொடுப்பவர்கள் அளவு பார்க்க வேண்டும். பெரியவர்களின் முழு அளவு வயலினை எட்டு வயதுப் பிள்ளையால் பிடிக்க முடியாது, அரை அளவு அல்லது அதற்கும் சிறியது வேண்டும். கம்பி மாற்றவும் வில்லுக்கு மயிர் கட்டவும் வருடா வருடம் யார் பணம் தருவார்கள் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள்.

பெற்றோரைச் சேர்ப்பது

கூட்டுக் கூட்டங்களில் ஒரு பக்கத்துப் பெற்றோர் நிறைந்திருப்பார்கள், மறு பக்கத்தில் இருவர். "அவர்களுக்கு ஆர்வமில்லை" என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். கூட்டம் மாலை ஆறு மணிக்கு என்றால் அது இரண்டாவது ஷிப்ட் நடக்கும் நேரம். அறிவிப்பு மின்னஞ்சலில் போயிருக்கும், அவர்கள் பார்ப்பது குறுஞ்செய்தி. ஆங்கிலத்தில் போயிருக்கும். காலையில் பிள்ளையை விடும் நேரத்தில் பள்ளி வாசலில் இருபது நிமிடம், கையில் காபி, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர் என்று வைத்துப் பாருங்கள். மாலைக் கூட்டமாக இருந்தால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும் சாப்பாடும் இருக்க வேண்டும். தன்னார்வலர் பின்னணிச் சோதனைக்கு விரல் ரேகைக் கட்டணம் கேட்கும் மாவட்டங்களில் அதைக் கூட்டு நிதியிலிருந்தே கட்டலாம். குடியேற்ற ஆவணம் இல்லாத பெற்றோர் விரல் ரேகை என்றாலே ஒதுங்கிவிடுவார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். அவர்கள் வந்து உட்கார, சோதனை தேவைப்படாத இடம் ஒன்றும் வேண்டும்.

வசதியான பக்கத்தில் இதற்கு நேர்மாறான சிக்கல். 48 பிள்ளைகளோடு பதினைந்து பெற்றோர் கிளம்பிவிடுவார்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம். பெரியவர்கள் அதிகமானால் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசுவதை நிறுத்திவிட்டு பெரியவர்களிடம் பேசத் தொடங்கிவிடும்.

எதைப் பார்த்துப் பலன் சொல்வது

முதல் வருடத்தில் தேர்வு மதிப்பெண்ணை எதிர்பார்க்காதீர்கள். நான்கு பகல்பொழுதுகள் மதிப்பெண்ணை அசைக்காது, அசைத்தது என்று சொல்பவரை நம்ப வேண்டியதும் இல்லை. நான்கு சந்திப்பும் குறித்த தேதியில் நடந்தனவா? அதே நான்கு ஆசிரியர்கள் அடுத்த வருடமும் வரச் சம்மதிக்கிறார்களா? மேடை ஏறிப் பேசியவர்களில் இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்களா? திட்டக் கூட்டத்தில் கடைசி முடிவு யாருடையதாக இருந்தது? இவற்றைப் பார்த்தால் போதும்.

சொத்து வரியில் பிறந்த பிளவை ஓடைத் தண்ணீர் அளந்து அடைக்க முடியாது என்பதும் உண்மை. வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச இரண்டு மூன்று நிமிடம் தருவார்கள். பள்ளி எல்லைகளை மாற்றியமைப்பது, ஆசிரியர்களைப் பகிர்வது, நிதிப் பங்கீடு எல்லாம் அங்கேதான் முடிவாகும். அந்த மேஜைக்கு முன் இரண்டு பள்ளிப் பெற்றோரும் அடுத்தடுத்து நின்று ஒரே கோரிக்கையைச் சொன்னால் வாரிய உறுப்பினர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரு பக்கம் மட்டும் வந்து கேட்பது அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

ஜூன் மாதம், பள்ளி மூடும் முன், பொறுப்பாளர்கள் நால்வரும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். எது சரியாக வரவில்லை என்பதை முதலில் வசதி குறைந்த பள்ளியின் ஆசிரியர்கள் சொல்லட்டும், மற்றவர்கள் எழுதிக்கொள்ளட்டும். யாராவது மாற்றலாகிப் போகிறார்களா என்று கேளுங்கள். போகிறார் என்றால் அவர் இடத்துக்கு ஒரு பெயர். அடுத்த வருட நாட்காட்டியைத் திறந்து அக்டோபர் தேதியைக் குறித்து, பேருந்துக்கு விண்ணப்பம் போடப் போவது யார் என்று அந்தத் தேதிக்குப் பக்கத்திலேயே எழுதிவிட்டு எழுந்திருங்கள்.